நாற்பத்தொரு நாள்

கர்க்கடகம் என்கிற மலையாளத்து ஆடி பிறந்தால் கொச்சி மட்டாஞ்சேரியில் ஆளுக்கு விலை இறங்கிவிடும். இதைச் செல்வலட்சுமிக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பஜார் ரோட்டில், சுக்கு குடோனுக்கு மேலே இருக்கும், கூலிக்கு ஆள் அனுப்பும் மேன்பவர் ஆபீசில் இரண்டு வருஷம் உட்கார்ந்திருந்ததில் தானாகப் பிடிபட்டது. மழை விடாமல் பிடித்துக்கொண்டால் கட்டட வேலை நிற்கும். கட்டட வேலை நின்றால் கொத்தனாரும் சித்தாளும் பெயின்டரும் அதே மரப்படியில் ஏறி வருவார்கள். நாலு பேர் வேண்டிய இடத்துக்கு நாற்பது பேர் நிற்கும்போது, தொள்ளாயிரம் தருகிறேன் என்று சொன்ன ஓட்டல்காரன் அதே வாயால் எழுநூறு என்பான். அதற்கும் ஆள் கிடைக்கும். வங்காளத்திலிருந்து கூலிக்கு வந்த பாயிமார் ஓட்டுப்போட ஊருக்கு ரயிலேறிய வாரத்தில் மட்டும் அவனே போனில் ஆயிரத்து நூறு என்று கெஞ்சினான். வானத்தையும் படிக்கட்டில் நிற்கும் கூட்டத்தையும் பார்த்தே இன்றைய கூலி இவ்வளவு என்று அவளால் சொல்லிவிட முடியும்.

அதனால்தான் அந்த ஒரு வேலை அவளை உறுத்தியது.

படிக்கட்டின் அடியில் சுவரோடு ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருந்தது. காலையில் வந்ததும் அன்றைய வேலைகளைத் தமிழிலும் மலையாளத்திலும் அதில் எழுதிப்போடுவது அவள் பொறுப்பு. ஆறு வயதில் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவள். பள்ளிக்கூடம் இங்கேயே என்பதால் மலையாள எழுத்து அச்சு மாதிரி வரும், தமிழ்தான் கொஞ்சம் கோணும். அன்றைக்கு ஒன்பது வேலை எழுதினாள். எட்டு வேலைக்குப் போன வாரத்தைவிடக் கூலி குறைவு. ஒன்பதாவதற்கு மட்டும் ஏறியிருந்தது.

‘ஏலூர். கெமிக்கல் கம்பெனியில் தொட்டி கழுவ ஹெல்ப்பர். முன்அனுபவம் வேண்டாம். தினம் 1800. சாப்பாடு, தங்க இடம் உண்டு.’

எழுதிவிட்டு ஓரடி பின்னால் வந்து பார்த்தாள். படிப்பு வேண்டாம், அனுபவம் வேண்டாம், கைகால் இருந்தால் போதும் என்கிற வேலைக்குப் பத்து வருஷக் கொத்தனாரைவிட அதிகக் கூலி. அதுவும் ஆள் மலிந்து கிடக்கிற மழைமாசத்தில். ஆள் பஞ்சம் என்றால் கூட்டிக்கொடுப்பார்கள், சரி. பஞ்சமே இல்லாதபோது எதற்காகக் கொடுக்கிறார்கள்?

மேலே போய் ரெஜிஸ்டரைப் புரட்டினாள். மார்ச்சில் ஆனந்தகுமார் போயிருக்கிறான், அப்போது ஆயிரத்து இருநூறு. அவன் நின்றதும் முப்பிடாதி, ஆயிரத்து நானூறு. பிறகு பிச்சை, ஆயிரத்து அறுநூறு. மூன்று பெயரையும் எழுதியது அவள் கைதான். சேர்ந்த தேதியும் நின்ற தேதியும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் இருந்தன. விரல்விட்டு எண்ணினாள். நாற்பத்தொரு நாள். முப்பத்தாறு நாள். இருபத்துமூன்று நாள்.

ஆபீஸ் முதலாளி சங்கர்ராம் அவளைவிட நாலைந்து வயது மூத்தவர். பாலக்காட்டிலிருந்து வந்து கொச்சியில் ஊன்றிய குடும்பம். வேலை தேடி வருகிறவர்கள் ‘சாமி’ என்பார்கள். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை.

“சார், இந்த ஏலூர் வேலைக்கு நாலு மாசத்துல மூணு பேரை அனுப்பியாச்சு. இப்ப நாலாவது ஆளைக் கேக்குறாங்க” என்றாள்.

“கேக்கட்டுமே.”

“மூணு பேரும் ஏன் நின்னாங்கன்னு நாம கேக்கவே இல்லையே.”

“நின்னவா ஆரும் நம்மகிட்ட வந்து பராதியோ குறையோ சொல்லல்லையே.” சங்கர்ராம் லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “செல்வலக்ஷ்மி, ஆளு கிட்டாத எடத்துல கூலி ஏறும், ஆளு நெறஞ்ச எடத்துல எறங்கும். அவ்ளோதான் இந்த மார்க்கெட். அதுல நீயும் நானும் என்ன பண்ண முடியும்? நாம அனுப்பலைன்னா தேவரா பக்கத்து ஆபீஸ்லேந்து வேற ஒத்தன் அனுப்புவான்.”

கீழே படிக்கட்டில் ஈரக்குடைகளோடு ஆட்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். ஆள் கிடைக்காத இடமா இது என்று கேட்க வாயெடுத்தவள் ரெஜிஸ்டரை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பினாள்.

மத்தியானம் மூன்று பேருக்கும் போன் போட்டாள். பிச்சையின் எண் அணைத்து வைத்திருந்தது. அவன் தங்கச்சி நம்பர் ரெஜிஸ்டரில் இருந்தது. “அண்ணனைத் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில வச்சிருக்கோம், மூச்சு வாங்குது, பேச முடியாது” என்று சொல்லி அந்தப் பெண் வைத்துவிட்டாள். முப்பிடாதி ஊரில் இருந்தான். அவன் மனைவி எடுத்தாள். “அவுகளால மூச்சு முட்டாம பத்தடி நடக்க முடியல. என்னமோ தாள்ல கையெழுத்து வாங்கியிருக்காங்க, வெளியில ஒண்ணும் சொல்லப்பிடாதாம். எங்கள விட்டிருங்கம்மா” என்றாள்.

ஆனந்தகுமார் பனயப்பள்ளியில்தான் இருந்தான். நடந்து போகிற தூரம்.

அன்று சாயங்காலம் அவள் அங்கே போனபோது மழை கொஞ்சம் விட்டிருந்தது. ஓட்டு வீட்டின் ஒரு பகுதியை மறைத்துக் கொடுத்த வாடகை அறை. அவன் பிளாஸ்டிக் நாற்காலியில், நெஞ்சோடு இரண்டு தலையணையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நாலு மாசத்துக்கு முன் படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறி வந்தவன். படுத்தால் மூச்சு அடைக்கிறது, உட்கார்ந்தேதான் தூங்குகிறான் என்று அவன் மனைவி வசந்தி சொன்னாள்.

“கெட்ட வேலைன்னு சொல்ல முடியாதுக்கா” என்று ஆரம்பித்தான் ஆனந்தகுமார். ஒரு வாக்கியத்துக்கு ஒரு முறை நின்று காற்றை இழுத்தான். “உள்ள இறங்கினா இருபது நிமிஷம். அடியில கெட்டியா ஒரு சேறு இருக்கும், அத வழிச்சு வாளியில விடணும். அவ்வளவுதான். இடுப்புல ஒரு மீட்டர் மாட்டி விடுவாங்க. காத்து சரியில்லன்னா அது கத்தும்.”

“கத்துச்சா?”

“ரெண்டாவது நாள்லேருந்து கத்திக்கிட்டேதான் இருந்திச்சு. சூப்பர்வைசர் பேட்டரி கேடாயிருச்சுன்னு கழட்டி அவரு பாக்கெட்டுல போட்டுக்கிட்டாரு.” சிரிக்கப் பார்த்தான், இருமல் வந்தது. இருமல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. வசந்தி அவன் முதுகைத் தடவிக்கொண்டே வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செல்வலட்சுமி கிளம்ப எழுந்தபோது அவன் கேட்டான். “அக்கா, அந்த வேலை இப்பவும் காலியாத்தான் இருக்கா?”

அவளுக்குச் சட்டென்று புரியவில்லை.

“ஆயிரத்து எண்ணூறுன்னு சொல்லுதாங்க. எனக்கு வேற எவனும் பணி தரமாட்டேங்குறான். பாத்தவுடனே வேண்டாங்குறான். அங்கன தெரிஞ்ச இடம். மெதுவா செஞ்சா...”

வசந்தி தலையைக் குனிந்துகொண்டாள். செல்வலட்சுமி வெளியே வந்தாள். ரோடு வரைக்கும் வந்த பிறகுதான் குடையை விரிக்காமல் நனைந்துகொண்டு வந்தது தெரிந்தது.

வீட்டில் அவள் கணவன் மாரிச்செல்வம் சாயா போட்டு வைத்திருந்தான். டைல்ஸ் பதிக்கிறவன். பதினேழு நாளாக வேலை இல்லை. முதல் வாரம் பக்கத்து வீட்டுக் கூரையில் ஓடு மாற்றிக்கொடுத்தான், இரண்டாவது வாரம் சைக்கிளைப் பிரித்துப் பூட்டினான், மூன்றாவது வாரத்தில் பேச்சைக் குறைத்துக்கொண்டான். வேலை தேடுவோர் வாட்ஸ்அப் குழு ஒன்றில் பலகையின் போட்டோ சுற்றிக்கொண்டிருந்தது.

“இது ஒன் எழுத்துதான?” போனைக் காட்டினான். “ஆயிரத்து எண்ணூறு. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல.”

“அது வேண்டாங்க.”

“ஏன்? நான் தொட்டி கழுவுனா ஒனக்குக் கொறச்சலா?”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நாள்கணக்கைச் சொன்னாள், தலையணையைச் சொன்னாள், மீட்டரைச் சொன்னாள். அவன் சாயாவை ஆற்றிக்கொண்டே கேட்டான்.

“ஆனந்தன் பீடி குடிப்பான்” என்றான் கடைசியில்.

“முப்பிடாதி குடிக்க மாட்டாக. பிச்சை குடிக்க மாட்டான்.”

“சரி, விடு. போகல.” கிளாசை அவள் பக்கம் நகர்த்தினான். அவன் சட்டென்று விட்டுக்கொடுத்தது அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்று தூங்கும்வரை அவன் அவள் கண்ணைச் சந்திக்கவில்லை என்பதையும் கவனித்தாள்.

மறுநாள் காலை பலகையில் ஏலூர் வேலையை அழிக்க அவளுக்கு அதிகாரம் இல்லை. அழிக்கவில்லை. அதன் கீழே சிவப்பு மார்க்கரால் இரண்டு வரி சேர்த்தாள். ‘இதற்கு முன் போனவர்கள்: 41 நாள், 36 நாள், 23 நாள். மூன்று பேருக்கும் மூச்சுக் கோளாறு.’ மலையாளத்திலும் எழுதினாள். படிக்கட்டில் நின்றவர்கள் ஒன்றுவிடாமல் படித்தார்கள். சிலர் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டினார்கள். அன்று பூராவும் ஏலூருக்கு யாரும் பெயர் கொடுக்கவில்லை. அடுத்த நாளும் கொடுக்கவில்லை. நாம் எழுதின இரண்டு வரி போதுமாயிருந்தது என்று அவள் நினைத்துக்கொண்டாள். சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் மத்தி மீன் வாங்கிப்போய் மாரிச்செல்வத்துக்குப் பொரித்துக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் சங்கர்ராம் அவளைக் கூப்பிட்டார். கோபம் எதுவும் இல்லை. பலகையின் போட்டோ அவர் போனிலும் இருந்தது.

“நீ எழுதினதை நான் அழிக்கல்லை, பாத்தியோ? நல்ல காரியந்தான் பண்ணியிருக்கே” என்றார். “ஏலூர் காண்ட்ராக்டர்கிட்ட பேசினேன். இனிமே ஒரு ஆளை இருபத்தஞ்சு நாளைக்கு மேல அவா வச்சுக்கறதில்லை. தெனக்கூலி ரெண்டாயிரத்து இருநூறு. வைத்தியம் பாக்கற பொறுப்பு ஆளோடது. நாலு பேர் வேணுமாம். எல்லாத்தையும் தெளிவா பலகைல எழுது. அறிஞ்சுண்டு வரவா வரட்டும். இதுல ஏமாத்து எங்க இருக்கு?”

போகாதே என்று அவள் எழுதியதைப் போகிறதுக்கான நிபந்தனையாக மாற்றிவிட்டார்கள். மூச்சுக்கு இவ்வளவு என்று அவளே கணக்குக் கொடுத்தது போலாகிவிட்டது. இத்தனை நாள் தெரியாமல் போனார்கள். இனிமேல் தெரிந்து போவார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

“நான் எழுத மாட்டேன் சார்.”

“சரி. நான் எழுதிக்கறேன்” என்று சங்கர்ராம் மார்க்கரை எடுத்துக்கொண்டு கீழே போனார்.

அரை மணி நேரத்தில் படிக்கட்டு நிறைந்தது. நாலு இடத்துக்குப் பதினான்கு பேர். அவள் ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தாள். பிச்சை இருபத்துமூன்று நாளிலேயே விழுந்துவிட்டான் என்றாள். “அவன் முன்னாலேயே நோஞ்சான்க்கா” என்றான் ஒருவன். “நான் ஷிப்யார்டுல பெயின்ட் அடிச்சவன், எனக்கு இதெல்லாம் பழக்கம்” என்றான் இன்னொருவன். இருபத்தைந்து நாளில் முடிந்துவிடும், அதற்குள் ஒன்றும் ஆகாது என்று மூன்றாவது ஆள் நெஞ்சைத் தட்டிக் காட்டினான். மற்றவன் நெஞ்சைவிடத் தன் நெஞ்சு கெட்டி என்று பதினான்கு பேரும் நம்பினார்கள். பதினோராவது ஆளாக மாரிச்செல்வம் நின்றான். சலவைச் சட்டை போட்டிருந்தான்.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவனிடம் போனாள்.

“போகலன்னு சொன்னிய.”

“அப்போ எத்தன நாள்னு தெரியாது. இப்போ தெரியுது. இருபத்தஞ்சு நாள்தான செல்வி.” குரலைத் தணித்தான். “நான் போகலன்னா அந்தா நிக்கானே, அவன் போவான். எவனோ போகத்தான் போறான். நானும் எத்தன நாளைக்கு நீ வாங்கிட்டு வர்ற மீனத் தின்னுக்கிட்டு ஒக்காந்திருக்கது?”

“உங்ககிட்ட நான் கணக்கா கேட்டேன்?”

“நீ கேக்கல. அதான் இன்னும் சங்கடம்.”

சங்கர்ராம் பதினான்கு பேரையும் வரிசையாகப் பார்த்தார். உடம்பு திடமாக இருந்த நாலு பேரைப் பொறுக்கினார். அதில் மாரிச்செல்வமும் ஒருவன். கீழே வேன் ஏற்கெனவே வந்து நின்றிருந்தது. ஏறும்போது அவன் திரும்பிப் பார்த்துக் கையசைத்தான், பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி.

செல்வலட்சுமி அன்று மறுபடி மாடி ஏறவில்லை. நேராகப் பனயப்பள்ளிக்குப் போனாள். காக்கநாட்டில் கலெக்டரேட் வளாகத்தில் இருக்கும் தொழிலாளர் ஆபீசில் மனுக் கொடுக்கப்போகிறேன், நீயும் கையெழுத்துப் போடு என்று ஆனந்தகுமாரிடம் சொன்னாள். அவன் முடியாது என்றான். “நாளைக்கு எவன் எனக்குப் பணி குடுப்பான்? பேரு வெளிய வந்தா அவ்வளவுதான்க்கா” என்றான். அவள் திரும்பி வாசலுக்கு வந்தபோது வசந்தி பின்னாலேயே வந்தாள். அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. ஆஸ்பத்திரிச் சீட்டுகள், எக்ஸ்ரே, எல்லாம் அதில் இருந்தன.

“அவுரு கெடக்காரு. நான் போடுதேன் கையெழுத்து” என்றாள்.

மறுநாள் இரண்டு பெண்களும் தோப்பும்படி ஜங்ஷன் வந்து பஸ் மாறிக் காக்கநாடு போய்ச் சேர்ந்தார்கள். கண்ணாடிக் கட்டடங்களுக்குள்ளே கழுத்தில் அட்டை தொங்க இளைஞர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அதிகாரி நடுத்தர வயதுப் பெண். மனுவை இரண்டு முறை படித்தார். எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இப்போ உள்ளே யாராவது வேலை பார்க்கிறார்களா?” என்று மலையாளத்தில் கேட்டார்.

“நாலு பேர் மேடம். ஒருத்தர் என் வீட்டுக்காரர்.”

அதிகாரி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். மனுவின் மேல் ‘அவசரம்’ என்று எழுதினார்.

அவசரம் என்றாலும் காகிதம் நடக்கிற வேகம் ஒன்று உண்டு. அந்த நாட்களில் மாரிச்செல்வம் தினமும் மத்தியானம் போன் பண்ணினான். முதல் நாள் சாப்பாடு நன்றாக இருக்கிறது என்றான். மூன்றாம் நாள் பேச்சு நடுவே தொண்டையைக் கனைத்தான். ஐந்தாம் நாள் அவள் கேட்டாள்: “மீட்டர் கத்துதா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. இங்க மீட்டரே கெடையாது” என்றான்.

ஏழாம் நாள் போன் வரவில்லை. எட்டாம் நாள், “பேசுனா எளப்பு வருது, நாளைக்குப் பேசுதேன்” என்று எழுத்தாக மட்டும் வந்தது.

ஒன்பதாம் நாள் அதிகாரிகள் கம்பெனிக்குள் போனார்கள். தொட்டிக்குள் காற்றை அளந்து பார்த்து அன்றைக்கே வேலையை நிறுத்தினார்கள். பத்தாம் நாள் காலை வேன் நாலு பேரையும் பஜார் ரோட்டில் இறக்கிவிட்டுப் போயிற்று. அங்கே காத்துநின்ற அவளை, மனுக் கொடுத்ததற்காக மூன்று பேர் திட்டினார்கள். ஷிப்யார்டில் பெயின்ட் அடித்தவன், “இன்னும் பதினஞ்சு நாள் இருந்திச்சு, எங்க வயித்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே” என்று நடுரோட்டில் கத்தினான். கத்தி முடிப்பதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கியது, சுவரைப் பிடித்துக்கொண்டான். மாரிச்செல்வம் திட்டவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே பார்த்தார். சீக்கிரம் வந்தது நல்லதாயிற்று, தேறிவிடும் என்றார். ஆனால் மூன்று மாசத்துக்குத் தூசி ஆகாது என்றார். டைல்ஸ் வெட்டுகிறவனுக்குத் தூசி இல்லாத வேலை எங்கே கிடைக்கும்? மாரிச்செல்வம் சீட்டை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான்.

சங்கர்ராம் அவளை வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. அவள் ஆபீசுக்குப் போன அன்று பலகையில் அவர் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: ‘ஆபீஸ் வேலைக்குப் பெண் தேவை. தமிழ், மலையாளம் எழுதத் தெரிய வேண்டும்.’ எழுதியிருந்த சம்பளம் அவள் வாங்கியதைவிட இரண்டாயிரம் குறைவு. படியில் பதினொரு பெண்கள் நின்றிருந்தார்கள். மழை இன்னும் விடவில்லை. அவள் வரிசையை ஒருமுறை பார்த்தாள், இன்னும் ஐந்நூறு குறைத்திருந்தாலும் இதே பதினொரு பேர் வந்திருப்பார்கள் என்று தோன்றியது. மேலே ஏறாமல் திரும்பிவிட்டாள்.

அந்த வாரமே பாலஸ் ரோட்டுப் பக்கம் ஒரு மசாலா குடோனில் ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலை கிடைத்தது. பன்னிரண்டு பெண்கள் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பார்கள். பெரியது, சிறியது, வெடித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாண்டிச்செல்வி வாயாடி. அவள் தம்பி போன மாசம் ஊரிலிருந்து வந்து வேலை தேடிக்கொண்டிருந்தான்.

ஆவணி பிறக்க நாலு நாள் இருந்தபோது, சாயா நேரத்தில் பாண்டிச்செல்வி போனைப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தாள். “கேளுங்கடி. ‘பராமரிப்பு உதவியாளர் தேவை. அனுபவம் வேண்டாம். வயது பதினெட்டு முதல். தினம் ரெண்டாயிரத்து ஐநூறு. சாப்பாடு, தங்குமிடம். உடனே தொடர்புகொள்ளவும்.’ எந்த எடம்னு போடல. வேன் வந்து கூட்டிட்டுப் போகுமாம். என் தம்பிக்குப் பேசட்டா?”

இரண்டு மூன்று பெண்கள் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

செல்வலட்சுமி முறத்தைக் கீழே வைத்தாள். “அந்த நம்பரக் குடுங்க. முதல்ல நான் பேசுதேன். இதுக்கு முன்னால இருந்த ஆளு ஏன் போனான்னு கேக்கணும்.”

பாண்டிச்செல்வி சிரித்தாள். “அத எதுக்குக் கேக்க? போனா போயிட்டான், நமக்குத்தான் நல்லது.”

செல்வலட்சுமி எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள். வேறொரு அழைப்பில் இருக்கிறார்கள் என்று மலையாளத்தில் ஒரு குரல் சொன்னது. இரண்டு நிமிஷம் கழித்து மறுபடி போட்டாள். சாயா கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டு போன பிறகு ஒருமுறை, மணி நாலானபோது ஒருமுறை, சாக்கை உதறி மடித்துவிட்டு ஒருமுறை. சாயங்காலம் வரைக்கும் அந்த எண் பிசியாகவே இருந்தது.